மூன்றாவது கை

நான் சொரிமுத்துவுக்குத் தர வேண்டியிருந்தது நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து ரூபாய். கைமாற்று இல்லை, சீட்டுப் பணமும் இல்லை. அவனைச் சாகவிடாமல் காப்பாற்றியதற்காகக் கோர்ட்டு என்மேல் போட்ட தொகை.

கணக்கை நீதிபதி வாசித்தார். விபத்து நடந்தபோது அவனுக்கு வயது முப்பத்தொன்பது. மனிதன் எழுபது வரை இருப்பான் என்று வைத்தால் மிச்சம் முப்பத்தோரு வருஷம். அதில் பதினோராயிரத்து முந்நூற்றுப் பதினைந்து ராத்திரி. ஒரு ராத்திரி உறக்கத்துக்கு முப்பத்தேழு ரூபாய். அந்த முப்பத்தேழு எங்கிருந்து வந்ததென்றால், என்றைக்கோ அரசாங்கம் நடத்திய ஒரு தங்கல் கூடத்தில் ஒரு பாய்க்கு வாங்கிய வாடகையாம். அதற்குப் பிறகு புதிய உத்தரவு எதுவும் கோர்ட்டுக்குக் கிடைக்கவில்லை. சொரிமுத்து என் பக்கம் சாய்ந்து, "பாயோட தலகாணி உண்டுமான்னு கேளும் வே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டவாலி போட்ட சேவகர் முறைத்தார்.

வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்பிய கேஸ் அது.

நான் தெற்குமலை குவாரியில் தமர் அடிக்கிறவன். வெடிமருந்து வைக்கப் பாறையில் துளை போடுவதற்கு அப்படிப் பேர். சொரிமுத்து எனக்குப் பக்கத்துத் துளைக்காரன். அவன் மனைவி ஆவுடைத்தாய் கீழே ஜல்லி உடைப்பாள். மத்தியானம் மூன்று பேரும் ஒரு நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கென்று யாரும் கிடையாது. அவள் கொண்டுவரும் தூக்குவாளியில் எனக்கும் ஒரு கைப்பிடி இருக்கும்.

எங்கள் குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்தவனை முதலில் தொட்டவன், அவனை ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் உயிர் அந்தக் கையோடு வந்துவிடும் என்பார்கள். முதல் கை என்று அதற்குப் பெயர். பிழைத்து எழுந்தவன் அந்தக் கையில் ஒரு சிவப்புத் துண்டு கட்ட வேண்டும்.

சொரிமுத்து விழுந்த வருஷம்தான் குவாரிக்குக் குவாரி ஆரஞ்சு நிறப் பெட்டி மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. உள்ளே டார்ச் லைட் தடிமனில் ஒரு ஊசி. மீள் ஊசி என்றார்கள். இதயம் நின்று பன்னிரண்டு நிமிஷத்துக்குள் தொடையில் இறக்கினால் போதும், நின்ற இதயம் திரும்ப ஓடும். டாக்டர் வேண்டாம், படிப்பு வேண்டாம். பெட்டியின் மேல் ஒரு தொடையும் ஒரு கையும் படமாகப் போட்டிருந்தார்கள்.

அன்று மேலிருந்து சரளை சரிந்து அவனை மூடியது. தோண்டி எடுத்தவன் நான். கழுத்து ஆடாமல் தலையைத் தாங்கிப் பிடித்தேன். மூச்சு இல்லை. ஊசி இறங்கியது. என் உள்ளங்கைக்குள் அவன் மண்டை ஒருமுறை துள்ளியது. பிறகு இருமினான். மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஒரு ரிஜிஸ்தரோடு ஆள் வந்து யார் காப்பாற்றியது என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். முதல் கை நான்தானே. 'மீட்ட கை' என்று அச்சிட்ட கட்டத்தில் பெருவிரலை வைத்தேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. துண்டு கட்டுவதைப் போல இதுவும் ஒரு மரியாதை என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொரிமுத்து எனக்குத் துண்டு கட்டினான். படம்கூட எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பின்னாளில் கோர்ட்டில் பார்த்தேன்.

அவன் உறங்கவில்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் வலி என்று நினைத்தார்கள். பிறகு ஒரு டாக்டர் விளங்கச் சொன்னார். ஊசி எல்லாவற்றையும் திரும்ப ஓட வைக்கும், மண்டைக்குள் உறக்கத்துக்கு என்று இருக்கிற ஒரு இடத்தைத் தவிர. அது வெந்துபோகிறது. உடம்பு படுத்தால் ஓய்வு எடுத்துக்கொள்ளும், அதனால் சாக மாட்டான். உள்ளே இருக்கிற ஆள் மட்டும் விழித்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு மட்டுமில்லை, ஊசியால் திரும்பிய எல்லோருக்கும் அப்படித்தான் என்று பத்திரிகையில் வந்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு உறக்கம் என்றால் என்ன என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பகல் முழுக்க அதிர்கிற மிஷினைப் பிடித்த கை, சோறு பிசையும்போதும் ஆடிக்கொண்டிருக்கும். படுத்த பிறகுதான் நிற்கும். சொரிமுத்துவின் கை நிற்கவே இல்லை.

குவாரிக்காரர்களுக்கு இது வேறுமாதிரித் தெரிந்தது. உறங்காதவனுக்கு இரண்டு ஷிப்டு கொடுக்கலாம். பகலில் தமர், இரவில் காவல். எழுப்பவே வேண்டாம். அவனும் சம்மதித்தான். வீட்டில் படுத்துக் கூரை ஓடுகளை எண்ணுவதைவிட மேல் என்றான். கொஞ்ச நாளில் பெட்டிகள் இரண்டு, மூன்று என்று கூடின. இடுப்புக் கயிறுகள் குறைந்தன. அறுந்த கயிற்றுக்குப் புதியது கேட்டால், அதான் பெட்டி இருக்கிறதே என்றார் சூப்பர்வைசர். கயிற்றைவிட ஊசி விலை குறைவு.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொரிமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கேஸு போட்டிருக்கேன் வே. நோட்டீசு வரும், பதறாதியும்."

"யார் மேல?"

"உம்ம மேலதான்."

நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னான். மீட்கப்பட்டவர்கள் மீட்டவர்கள்மேல் வழக்குப் போடலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. ஊசி செய்த கம்பெனிமேல் போட முடியாது, பொறுப்பில்லை என்று பெட்டியிலேயே ஒட்டிவிட்டார்கள். குவாரிமேலும் போட முடியாது, அவர்கள் சட்டப்படி பெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஊசியை இறக்கிய கைமேல் மட்டும்தான் போடலாம்.

"அதுவும் வெறுங்கையா இருக்கணும்" என்றான். "கையுறை போட்டிருந்தா அது கம்பெனிக் கை. அதத் தொட முடியாது."

"எங்கிட்ட என்ன வே இருக்கு எடுக்கதுக்கு?"

"பணத்துக்கு இல்ல. ஜெயிச்சா ஒரு பட்டை குடுப்பாவ. அதக் கட்டுன ஆளு பக்கத்துல பெட்டி தொறக்காது. அடுத்த தடவ நான் விழுந்தா எந்திரிக்க வேண்டாம்."

கோபம்தான் வந்தது. உயிரைக் கொடுத்ததற்கு இதுவா என்று கேட்டுவிட்டேன். அவன் என் அடுப்பில் கிடந்த டீயைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டு, மேல்பட்டி குவாரியில் ஒருவனை மூன்று தடவை எழுப்பிவிட்டார்கள் என்றான். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவனுக்குத் தன் பெயர் தெரியவில்லையாம். வேலைக்கு மட்டும் ஒழுங்காக வருகிறானாம்.

நோட்டீசு வந்தது. டீக்கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொரிமுத்து எட்டாவது வரை படித்தவன். சாயந்தரம் ஷிப்டு மாறுகிற இடைவேளையில் அவனே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான், அவன் கொடுத்த மனுவையே வைத்து. "வாதின்னா நான். பிரதிவாதின்னா நீரு" என்று ஜல்லிப் பொடியில் விரலால் எழுதிக் காட்டினான். நாற்பத்தாறு வயதில் நான் முழுதாக வாசித்த முதல் வாக்கியம், என்னால் அவனுக்கு ஏற்பட்ட தீங்கைப் பற்றியது.

எனக்குக் கிடைத்தது இலவச வக்கீல் ஜெபசிங். கெட்டிக்காரர். ஒரு கட்டுக் கேஸ் பேப்பரை மேஜையில் வைத்து, இதுதான் சொரிமுத்து தலை, எப்படிப் பிடித்தீர் காட்டும் என்றார். காட்டினேன்.

"ரெண்டு கையாலயும்?"

"ஆமாய்யா. கழுத்து ஆடக்கூடாதுல்லா."

"நடுவுல எடுத்தீரா?"

"எடுக்கக் கூடாதுய்யா. முதல் கை."

"அப்போ ஊசிய எதால போட்டீரு? உமக்கு மூணு கையா வே?"

நான் பேப்பர் கட்டைப் பிடித்தபடியே இருந்தேன். அவர் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் சொன்னேன். ஊசியை இறக்கியது ஆவுடைத்தாய். ஜல்லி உடைக்கிற இடத்திலிருந்து சுத்தியலோடு ஓடிவந்து, பெட்டிக் கண்ணாடியை அதே சுத்தியலால் உடைத்து, படத்தில் இருந்ததைப் போலத் தொடையில், கைலிக்கு மேலேயே இறக்கினாள். அப்போது வாயில் அவள் புருஷன் பெயர். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வக்கீல் சந்தோஷப்பட்டார். கேஸ் உம்மேல் நிற்காது, அந்தம்மாமேல் திரும்பும் என்றார். புருஷன் கேஸ் பெண்சாதிமேல் நிற்குமா என்றேன். நிற்கும் என்றார். அவள் செய்தது தீங்கு என்று முத்திரை குத்தி எழுதுவார்களா என்றேன். எழுதுவார்கள், அப்படி எழுதினால்தான் அவனுக்குப் பட்டை என்றார். அப்படியானால் கேஸ் என்மேலேயே நிற்கட்டும் என்றேன். அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். பைத்தியக்காரன் என்று சொல்லவில்லை. அதற்கு நன்றி.

கோர்ட்டில் அரசு வக்கீல் நன்றாகத்தான் பேசினார். இதை அனுமதித்தால் நாளைக்கு ஒருத்தன் ஒருத்தனைத் தொடமாட்டான், பிறகு ஊர் என்று ஒன்று எதற்கு என்று கேட்டார். நீதிபதி சொரிமுத்துவைப் பார்த்தார். அவன் எழுந்து கைகட்டிச் சொன்னான்.

"காப்பாத்த வேண்டாம்னு நான் சொல்லலய்யா. காப்பாத்துனா முழுசாக் காப்பாத்தணும். பாதியில விட்டுட்டுப் போனா மீதிய நான் யார்ட்ட கேக்க? கொம்பையா நல்லவரு. அவரு செஞ்சது நல்லதில்ல. ரெண்டும் நெசம்."

பிறகு நீதிபதி என்னிடம், ஊசியை இறக்கியது நீங்கள்தானா என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆமாய்யா, நான்தான் என்றேன்.

தீர்ப்பில் கடைசி வரி ஒன்று இருந்தது. தொகை முழுதும் கட்டித் தீரும்வரை வழக்கு முடிந்ததாகாது. வழக்கு முடியாமல் பட்டை கிடையாது. வாதி உயிரோடு இருந்தால்தானே வாங்கிக்கொள்ள முடியும் என்று வக்கீல் விளக்கினார்.

மாதம் நாலாயிரத்து ஐந்நூறு கட்டினேன். அப்பா விட்டுப்போன ஐந்து சென்ட் கரட்டு நிலத்தை விற்று அறுபதாயிரம் கட்டினேன். அரசு வக்கீல் சொன்னதும் நடந்தது. மறு மழைக்காலத்தில் புதிதாக வந்த ஒருவன் மேலிருந்து விழுந்தான். பதினைந்து பேர் சுற்றி நின்றோம். எல்லோர் கையும் முதுகுக்குப் பின்னால். நானும் நின்றேன். ஒன்பதாவது நிமிஷம் சூப்பர்வைசர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து ஊசியை இறக்கினார். அவனும் உறங்காதவனானான். கேஸ் போட ஆள் இல்லை, அவனை எழுப்பியது கம்பெனிக் கை. அதற்குப் பிறகு எங்கள் குவாரியில் சிவப்புத் துண்டு யாரும் வாங்கவில்லை.

ஐந்தாவது வருஷம் ஒரு சம்பளச் சனிக்கிழமை, எடை மேடைக்குப் பக்கத்தில் ஆவுடைத்தாய் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, இனிமே கட்டாதீங்க."

"ஏன் தாயி?"

"பாக்கி இருக்க வரைக்கும் அவுக இருப்பாவ. உறங்காட்டா என்ன? இருக்காவல்லா. காலைல காப்பி குடுத்தா வாங்கிக்கிடுதாவ."

அவள் அழவில்லை. கடையில் சாமான் வேண்டாம் என்பதைப் போலச் சொன்னாள். வேறு ஏதும் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அன்று ஊசி போட்டது அவள் என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமல் இருப்பதற்கு நான் எவ்வளவு கட்டிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த மாதம் நான் கட்டவில்லை. அடுத்த மாதமும். ஐந்து மாதம் அந்தப் பணம் என் தகரப் பெட்டியில் கிடந்தது.

ஐந்தாவது மாதம் சொரிமுத்து இரண்டாவது தடவை விழுந்தான். இடுப்பில் கயிறு இல்லை. கல் ஒன்று மாரில் விழுந்திருந்தது. சூப்பர்வைசர் கையுறையோடு வந்து எழுப்பினார். நான் கட்டியிருந்தாலும் அந்த ஐந்து மாதத்தில் வழக்கு முடிந்திருக்காது என்று கணக்குப் போட்டு எனக்கே சொல்லிப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஆனாலும் மறுநாள் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தான். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக இருந்தன. உட்காரவில்லை.

"எவ்வளவு பாக்கி?"

சொன்னேன். கட்டாத ஐந்து மாதத்தையும் சொன்னேன். யார் சொல்லிக் கட்டவில்லை என்று அவன் கேட்கவில்லை. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான்.

"அன்னைக்கு நான் முழிச்சப்போ தலையில ரெண்டு கை இருந்துச்சு. ரெண்டும் உம்மது. தொடையில ஒரு கை, அதுல வளையல்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சேதான் என் மேல போட்டீரா?"

"அவ மேல போட முடியுமா வே?" என்றான். "உம்ம மேலன்னா போடலாம்."

கேட்காமல் யார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னான். நான் திட்டியிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து ஐந்து மாதப் பணத்தை எடுத்து அவன் முன்னால் எண்ணினேன். மறுநாள் கட்டினேன். அதற்கு அடுத்த மாதமும், அதற்கு அடுத்த மாதமும் கட்டினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவன் இதயம் பலமில்லாமல் போயிற்று, எந்நேரமும் நிற்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். குவாரியில் அதைப் படித்துவிட்டு அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி மாட்டினார்கள்.

மீதி அறுபத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்து என்றிருந்த மாதம், வழக்கம்போல் கோர்ட்டு கவுண்டருக்குப் போனேன். குமாஸ்தா நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்ட வேண்டியதில்லை என்றார். திங்கட்கிழமையே ஒரு அம்மா வந்து முழுதும் கட்டிவிட்டுப் போனார், ரசீது தபாலில் வரும் என்றார்.

ஆவுடைத்தாய் ஜல்லிக் குவியலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும் மட்டும் இருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"ஒருநாள் மத்தியானம் அவுக கண்ண என் கையால மூடிப் பாத்தேன்ணே" என்றாள். "கைய எடுத்ததும் தொறந்துக்கிட்டு. தாப்பா இல்லாத கதவு மாதிரி. நாள் பூரா மூடி மூடிப் பாத்தேன்." சுத்தியலை எடுத்து ஒரு கல்லைத் தட்டினாள். "போட்டவ நான்தான. நானே கட்டிட்டேன்."

வியாழக்கிழமை அவன் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டையோடு வேலைக்கு வந்தான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிரஷர் ஓட்டுகிறவன் மட்டும், வாட்சு நல்லா இருக்கே, மணி காட்டுமா என்றான். காட்டும், ஒரே ஒரு தடவை காட்டும் என்றான் சொரிமுத்து. அவன் மட்டும்தான் சிரித்தான்.

இருபத்திரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரம். லாரிச் சக்கரத்தில் சாய்ந்து தூக்குவாளியைத் திறந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். மூடி உருண்டு ஓடியது. சுற்றி இருந்தவர்கள் எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. நான் போய்த் தலையைப் பிடித்தேன், இரண்டு கையாலும்.

சூப்பர்வைசர் கையுறையை மாட்டியபடி ஓடிவந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போதெல்லாம் கண்ணாடி இல்லை, இரும்பு மூடி. அது திறக்கவில்லை. குலுக்கினார், தட்டினார். ஓடிப்போய் மற்றப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதுவும் சிவப்பு. நல்ல வேலைக்காரன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார்.

ஆவுடைத்தாய் ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவன் கண்மேல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம் தாண்டியிருக்கும். பிறகு, தூளியில் கிடக்கிற பிள்ளை முழித்துவிடாமல் கையை உருவுவதைப் போல மெதுவாக எடுத்தாள். கண்கள் மூடியே இருந்தன.

ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது என் கையோடு ஒன்றும் வரவில்லை. அன்று சாயந்தரம் ஆறு மணிக்கே படுத்தேன். விடியும்வரை அடித்துப்போட்டாற்போல் உறங்கினேன். ஆவுடைத்தாயிடம் இதைச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் ரசீது வந்தது. டீக்கடைக்குக் கொண்டுபோகவில்லை. வாசலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். வாதி, சொரிமுத்து. பிரதிவாதி, கொம்பையா. பாக்கி இல்லை. வழக்கு முடிந்தது. அதன்மேல் வட்ட முத்திரை. கீழே கட்டியவர் கையொப்பம் என்ற இடத்தில் அச்சில் 'மீட்ட கை' என்று போட்டிருந்தது. என்னை மனதில் வைத்து அச்சடித்த கட்டம்.

அதில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. நான் இப்போது கையெழுத்துப் போடுகிறவன். அது என் விரல் இல்லை.